டீக்கன் நின்ற இடம்

ஹில்டா சிட்னிக்கு எங்கள் ஊரில் எதிரி என்று யாரும் கிடையாது. ஆனால் அவளோடு ஒரே படகில் ஏற ஆசைப்படுகிறவர்களும் கிடையாது. ஏறினால் எங்கே உட்கார வேண்டும், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் உத்தரவு வரும். நாய்களிடம் பேசுகிற அதே குரல்தான். நாய்களுக்காவது சொன்னதைக் கேட்டால் ஒரு மீன் துண்டு கிடைக்கும். எனக்கு அதுவும் கிடைத்ததில்லை.

தலை நரைக்கும்வரை நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினாள். விடுப்புக் கிடைத்தால் நாய்களைச் சறுக்குவண்டியில் பூட்டிக்கொண்டு, அப்பா விட்டுப்போன காட்டுப்பாதையில் பொறி வைக்கப் போய்விடுவாள். புருஷன் லெஸ் தெற்கே வேலை தேடிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். "இன்னும் தேடிட்டிருக்கான்" என்பாள். நாம் சிரிப்பதற்குள் அவளே சிரித்து முடித்துவிடுவாள். பிள்ளைகள் இல்லை. ரேடியோவோடு சண்டை போடுவாள். லேசான பனிப்பொழிவு இருக்கும் என்று அதில் யாராவது சொல்லிவிட்டால், "வெளிய வந்து பாருடா, லேசாம்ல!" என்று அடுப்படியிலிருந்தே கத்துவாள்.

போன குளிர்காலத்தில் விறகு எடுக்கப் போனவள் வாசலில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு போய்விட்டது. வீட்டுக்குள் தவழ்ந்து வந்து சேர்வதற்குள் கன்னம் உறைந்து கறுத்துவிட்டது. பக்கத்து வீடு என்று சொல்ல அந்தப் பக்கம் ஒரு நரி வளைதான் இருக்கிறது. அன்றிலிருந்து நான் அவளை விடவில்லை. ஊர் அஞ்சலகத்தில் இருந்து ஓய்வுபெற்றபின் நான் வட கனடாவின் ஒயிட்ஹார்ஸ் நகரத்தில் வயதானவர்களுக்கான அடுக்குமாடி வீடு ஒன்றில் இருக்கிறேன். என் பக்கத்து வீடு காலியானது. வந்துவிடு, வந்துவிடு என்று தொலைபேசியில் அரித்தெடுத்தேன். கடைசியில், "சரி, வந்து தொலைக்கிறேன், ஃபோனை வை" என்றாள்.

அங்கே நாய் வளர்க்கக் கூடாது. அவளிடம் மிச்சம் இருந்தவை மூன்று. பட்டனும் ஜிப்பரும் சின்னவை. மீன் காட்டுகிற யார் பின்னாலும் வாலை ஆட்டிக்கொண்டு போகக்கூடியவை. அவற்றை அவளுடைய தம்பி மகள் கேட்டிருந்தாள். சிக்கல் டீக்கன்தான். வண்டியின் முன்னால் ஓடி மற்ற நாய்களை நடத்திப்போகும் முன்னோடி நாய். கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்தி வருகிற டீக்கனைப் போல எப்போதும் ஒரு முகம்; பெயரும் அதனால்தான். வயதாகிவிட்டது. ஆனாலும், சுற்றுலாக்காரர்களை வண்டியில் ஏற்றி ஓட்டும் டெல்மர் என்ற பையன், தன் குட்டிகளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க டீக்கன் வேண்டும் என்று ஆசையாகக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை ஒப்படைப்பதாகப் பேச்சு.

முன்னோடி நாயைக் கைமாற்ற எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. பழைய எஜமான் கடைசியாக ஒருமுறை "வோ" என்று சொல்லி நாயை நிறுத்துவார். புதியவர் "ஆல்ரைட்" என்று கிளப்புவார். அந்தக் குரலுக்கு நாய் கால் எடுத்து வைத்துவிட்டால் அன்றிலிருந்து அது அவருடையது. பழையவர் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும்.

அதற்கு முன் நாய்களோடு கடைசியாக ஒருமுறை ஒற்றைத்துடுப்பு ஏரியில் போய்த் தங்க வேண்டும் என்றாள் ஹில்டா. "நீயும் வா. படகைத் தள்ள ஒரு ஆள் வேணும்" என்பதுதான் அழைப்பு.

ஜூன் மாதம். ஏரியில் பனிக்கட்டி உடைந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கிழக்குக் கரையோரம் அழுகிய பனிப்பாளங்கள் இன்னும் ஒதுங்கிக் கிடந்தன. தண்ணீரில் கையை வைத்தால் எலும்பு வலிக்கும். கூடாரம் அடித்தோம், வாணலியில் ரொட்டி சுட்டுத் தேநீரோடு சாப்பிட்டோம், கொசுக்களுக்கும் எங்களைச் சாப்பிடக் கொடுத்தோம். வெயில் சாய்ந்தும் சாயாமலும் நீண்டுகொண்டே போகும் எங்கள் ஊர் மாலை. ஹில்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எந்திரி. மேற்கால ஓடை வாய்க்குப் போய் மீன் ஏறிருக்கான்னு பாத்துட்டு வருவோம்."

"இடுப்ப வச்சுட்டு சேத்துல எறங்கப் போறியா? சும்மா உக்காருடி."

"உக்காரத்தான் உன் பக்கத்து வீட்டுக்கு வரப்போறேனே. சாகுற வரைக்கும் உக்காந்துக்கலாம்."

சுருக்கென்று இருந்தாலும் நான் எழுந்தேன். அவளோடு வாக்குவாதம் செய்து ஜெயித்தவர்கள் இல்லை.

ஓடை வாய்வரை படகில் போய், கரையில் படகை இழுத்துப் போட்டுவிட்டு நடந்தோம். இடுப்புயர வில்லோ புதர்கள், நடுவே சதுப்பு, அதற்கு நடுவே தெளிந்த ஓடை. பட்டனும் ஜிப்பரும் எதையோ மோப்பம் பிடித்துக் குறுக்கும் நெடுக்கும் பாய்ந்தன. டீக்கன் மட்டும் தன் வழக்கப்படி எங்களுக்கு முன்னால், ஓடைத் தண்ணீரிலேயே நிதானமாக நடந்தான். வளைவு திரும்பினோம். அங்கே நின்றிருந்தது மூஸ் மான். பெட்டை. அதன் வயிற்றுக்குக் கீழே, இன்னும் கால் நிலைக்காத செந்நிறக் கன்று.

கரடியைக்கூடப் பேசிச் சமாளித்து அனுப்பிவிடலாம். கன்று போட்ட மூஸிடம் பேச்சே கிடையாது. குதிரையைவிட உயரமான அந்த உடம்பில் பிடரி மயிர் சிலிர்த்தது, காதுகள் பின்னால் படிந்தன. சின்ன நாய்கள் இரண்டும் குரைத்துக்கொண்டு நேராக அதனிடமே ஓடின. ஹில்டா தொண்டை கிழியக் கத்தினாள். "வோ! வோ!"

நாய்க்காரர்கள் வாயில் அந்தச் சொல் தும்மல் மாதிரி, யோசித்து வருவதில்லை. பட்டனும் ஜிப்பரும் அதைச் சட்டை செய்யவில்லை. டீக்கன் நின்றுவிட்டான். அதை நாங்கள் பார்க்கவில்லை. அந்நேரம் மூஸ் புதரை மிதித்துக்கொண்டு எங்கள் பக்கம் பாய்ந்துவிட்டது. நான் ஹில்டாவின் மேலங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அவளை ஓட வைக்கவில்லை, தரதரவென்று இழுத்துத்தான் வந்தேன். படகைத் தள்ளி ஏறியபின் திரும்பிப் பார்த்தால் மூஸ் கரையில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஜிப்பர் நீந்தி வந்து படகில் ஏறினாள். கரை மேட்டில் கிழக்கு நோக்கிக் கறுப்பாக ஒரு நாய் தலைதெறிக்க ஓடுவது தெரிந்தது.

"அதோ டீக்கன்! பாத்தியா, கிழக்கால ஓடுறான்!" என்றாள் ஹில்டா.

நானும் தலையாட்டினேன். டீக்கனும் கறுப்புதான். அப்போது அது எனக்கும் டீக்கனாகத்தான் தெரிந்தது.

கிழக்குக் கரையோரமாகப் படகை மெதுவாக விட்டோம். ஹில்டா முன்னால் நின்றுகொண்டு கூப்பிட்டாள். "டீக்கன்! டீக்கா! வாடா ராசா!" பெயர் எதிர்க்கரையில் பட்டுத் திரும்பி வந்தது. மோட்டாரை நிறுத்திக் காது கொடுத்தோம். பனிப்பாளங்கள் உரசும் சத்தம் மட்டும். கொஞ்ச தூரத்தில் புதரை விலக்கிக்கொண்டு ஒரு கறுப்பு நாய் வந்தது. பட்டன். வாயில் எலும்பு மாதிரி ஏதோ ஒன்றைக் கவ்விக்கொண்டு, ஊர்வலம் போய் வந்தவன் போல வந்து நின்றான்.

"இவன்தான் மேட்டுல ஓடினவனோ?" என்றேன்.

"இவன் பின்னாடி அவனும் ஓடிருப்பான். ரெண்டும் சேந்துதான் போயிருக்கும்." அவள் அப்படி நம்ப விரும்பினாள். வேறு விதமாக நினைத்தால் மூஸின் குளம்பை நினைக்க வேண்டும். அந்தக் குளம்பால் ஒரே உதையில் ஓநாயின் முதுகெலும்பு முறிந்ததை நாங்கள் இருவருமே பார்த்திருக்கிறோம்.

ஆகவே கிழக்கிலேயே தேடினோம். ஒரு பனிப்பாளத்தின் மேல் கறுப்பாக ஏதோ கிடந்தது. கிட்டே போனால் மரக்கட்டை. இன்னொரு இடத்தில் சேற்றில் நாய்க்கால் தடம். அது பட்டனுடையது. காட்டுக்குள் எங்கேயோ கிளை ஒடிந்தது. வெளிச்சம் மங்க மங்க ஒவ்வொரு பாறையும் படுத்திருக்கும் நாயாகத் தெரிய ஆரம்பித்தது. காற்று வடக்கிலிருந்து திரும்பியது. விரல்கள் விறைத்தன.

"ஒரு தடவை கொரச்சுத் தொலைய மாட்டானா?" என்றேன்.

"அவன் கொரைக்கிற சாதி இல்ல." அவள் குரல் கம்ம ஆரம்பித்திருந்தது. "ஒரு தடவ ஆத்துல பனிக்கு மேல தண்ணி ஏறி வண்டி மாட்டிக்கிச்சு. இவன நிக்கச் சொல்லிட்டு கோடாலி எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது எல்லா நாயும் ஊளையிட்டுட்டு கெடக்கு. இவன் மட்டும் வாரை விறைப்பா இழுத்துப் பிடிச்சுட்டு, ஒரு சத்தம் இல்லாம முன்னாடி பாத்துட்டு நிக்கிறான். மீசையெல்லாம் பனிக்கட்டி."

பெருமையாகச் சொன்ன கதைதான். அந்தக் கதையைச் சொன்ன அவளுக்கும் கேட்ட எனக்கும் அப்போது எதுவும் உறைக்கவில்லை. பயம் மனிதர்களை எவ்வளவு மடையர்களாக்கும் என்பதற்கு நாங்கள் இருவரே போதும்.

"கூடாரத்துக்குத் திரும்பிருப்பான். போய்ப் பாப்போம்டி. நீ நடுங்குற" என்றேன்.

"நீ வேணா போ."

"ஹில்டா, இருட்டுது. காலைல வந்து—"

"காலைலயா?" அவள் திரும்பினாள். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "அவன் செத்துட்டா உனக்கு வசதிதான? ஒப்படைக்கிற வேலை மிச்சம். பெட்டியத் தூக்கிட்டு நேரா உன் பக்கத்து வீட்டுக்கு வந்துடுவேன். சீட்டு விளையாட ஆள் கெடச்சிடும்."

கோபத்தில் அழுகை வந்தது. மோட்டாரைக் கிளப்பி, அவளிடம் கேட்காமலே படகைக் கூடாரத்துக்குத் திருப்பினேன். வழியெல்லாம் அவள் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். குரல் கீச்சாகி, பிறகு காற்றாகி, கடைசியில் வாய் மட்டும் அசைந்தது.

கூடாரத்தில் டீக்கன் இல்லை. அவனுக்கு எடுத்து வைத்திருந்த மீன் அப்படியே இருந்தது. நான் கணப்பில் விறகைப் போட்டேன். பட்டன் அந்த மீனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறகு மேற்கே ஓடைப் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு கிளம்பினான். ஹில்டா இல்லாத குரலை இழுத்துப் பிடித்து, "வோ" என்றாள். பட்டன் காதைக்கூட அசைக்கவில்லை. தன்பாட்டுக்குப் போனான்.

"தடிமாடு! டீக்கனா இருந்தா இப்படிப் போவானா?" என்று நான் அவனை விரட்டிப் பிடித்துக் கட்டிவிட்டுத் திரும்பினேன். ஹில்டா மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"வினி," என்றாள், கிசுகிசுப்பாக. "மூஸ் வந்தப்ப நான் என்ன கத்துனேன்?"

"என்ன கத்துன... வோ, வோன்னு கத்துன."

"ஆல்ரைட் சொன்னனா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் எழுந்து படகை நோக்கி நொண்டிக்கொண்டிருந்தாள். முழு மாலையும் நாங்கள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தோம். வண்டியில் ஓடுகிற நாய்க்குப் பெயர் என்பது, கவனி என்பதற்கு மட்டும்தான். கிளம்பு என்பதற்கு வேறு சொல். அந்தச் சொல் வராமல் அவன் கிளம்ப மாட்டான். அவனை அப்படிப் பழக்கியதே அவள்தான்.

ஓடை வாய்க்குக் கொஞ்சம் முன்பே மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்பு போட்டு ஓடைக்குள் நுழைந்தோம். வளைவு திரும்பியதும் முதலில் தெரிந்தது மூஸ்தான். எதிர்க்கரைப் புதரில், கன்று காலடியில் படுத்திருக்க, தளிரை ஒடித்து மென்றுகொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம், கல்லெறி தூரத்தில், ஓடைத் தண்ணீர் வயிற்றைத் தொட, டீக்கன் நின்றான்.

அவள் நிறுத்திய அதே இடம். நேராக மூஸைப் பார்த்தபடி. உடம்பு முழுக்க நடுங்கியது. அந்த நடுக்கத்தில் அவனைச் சுற்றித் தண்ணீர் சின்னச் சின்ன வளையமாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் வருவது அவனுக்குக் கேட்டுவிட்டது. ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியது. தலை திரும்பவில்லை.

ஹில்டா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். தொண்டையில் ஏதோ கிழிவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆல்ரைட், டீக்கன்" என்றேன் நான், தாழ்ந்த குரலில்.

அவன் அசையவில்லை.

"ஆல்ரைட்!" ஹில்டாவைப் போலவே அதட்டிச் சொல்லிப் பார்த்தேன். அவளைப் போலவே கடைசி எழுத்தை இழுத்துச் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன். ஒரு கணம் கடைக்கண் என் பக்கம் வந்தது. பிறகு மறுபடி முன்னால் பார்க்க ஆரம்பித்தான். பிறந்ததிலிருந்து அவனுக்கு என்னைத் தெரியும். என் மடியில் தூங்கியிருக்கிறான். ஆனாலும் அந்தச் சொல்லை என் வாயிலிருந்து அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. மூஸ் மெல்லுவதை நிறுத்திவிட்டுத் தலையை உயர்த்தியது.

ஹில்டா படகிலிருந்து இறங்கினாள். நான் பிடிக்கப் போனேன், கை நழுவிவிட்டது. தண்ணீர் அவள் தொடைக்கு வந்தது. அந்தக் குளிருக்கு அவள் மூச்சு ஒரு விக்கலாக நின்றதைக் கேட்டேன். துடுப்பை ஊன்றிக்கொண்டு, அந்த இடுப்போடு, ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவிப் போனாள். டீக்கனுக்குப் பின்னால் போய்க் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. அவனைச் சுற்றிக்கொண்டு, அவனுக்கும் மூஸுக்கும் நடுவே போய், மூஸுக்கு முதுகைக் காட்டி நின்றாள். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் அந்த நேரத்தில் கூப்பிட்டேன். மூஸின் காதுகள் பின்னால் படியத் தொடங்கின.

ஹில்டா குனிந்து, நாயின் காதில் வாயை வைத்தாள். அவள் என்ன சொன்னாள் என்பது படகில் இருந்த எனக்குக் கேட்கவில்லை. டீக்கன் ஒரு காலை எடுத்து வைத்தான். அடுத்த காலை வைக்கும்போது நான்கும் மடங்கித் தண்ணீரில் விழுந்தான்.

நான் எப்படி இறங்கினேன், எப்படி அவர்கள் இருவரையும் படகில் ஏற்றினேன் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. மூஸ் எங்களை விட்டுவிட்டது. பார்த்துக்கொண்டே நின்றது, பிறகு கன்றை எழுப்பிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது. அது ஏன் பாயவில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கணப்பை மலை போல எரியவிட்டேன். டீக்கனைத் துடைத்து, ஹில்டாவின் தூக்கப்பைக்குள் அவளோடு சேர்த்துத் திணித்தேன். முதலில் அவன் நடுக்கம் நின்றுபோயிருந்தது. அதுதான் எங்களைக் கொன்றது. நடுங்காத உடம்பு அணைகிற உடம்பு. ஹில்டா அவன் மார்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பட்டனையும் ஜிப்பரையும் இரண்டு பக்கமும் படுக்க வைத்தேன். அவனுக்கு மறுபடி நடுக்கம் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம். வெதுவெதுப்பான மீன் சாற்றை அவன் நக்கினான். பிறகு அவள் கையிலேயே தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

நான் தேநீர் கொடுத்தேன். குடிக்கக் குடிக்க அவளுக்குக் கிசுகிசுப்பாவது வந்தது.

"படகுல சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"விடுடி. பயத்துல சொன்ன." நான் விறகைத் தள்ளிவிட்டேன். "ஞாயித்துக்கிழமை டெல்மர் வரட்டும். கொஞ்ச நாள்ல இவன் அவன் குரலுக்கும் பழகிடுவான். நாய்தான?"

"பழகலாம்." அவள் கணப்பைப் பார்த்தாள். "நான் வோன்னு சொல்லணும். சொல்லிட்டு திரும்பிப் பாக்காம வந்துடணும். அதானே வழக்கம்? இன்னிக்கு ஒரே ஏரிலதான் இருந்தேன், வினி. கூப்பிடு தூரத்துல. அவனையேதான் தேடிட்டிருந்தேன். அப்பக்கூட நான் நிக்கச் சொன்னது எனக்கு ஞாபகம் வரல. அங்க உன் பக்கத்து வீட்டுல, டிவி ஓடும், நீ சீட்டக் கலைப்ப, நான் எதுக்கோ சிரிச்சிட்டிருப்பேன். இவன் எங்கயோ நின்னுட்டிருப்பான்."

அந்த இடுப்பு. அந்த வாசல். அடுத்த குளிர்காலம். சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் தூக்கப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்த நரைத்த மூக்கைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? எனக்குக் கோபம்தான் வந்தது. நாயின் மேலா, அவள் மேலா, தெரியவில்லை.

"அப்ப, வீடு வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். பொறுடி, யோசிக்கிறேன் என்பாள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அதைச் சொல்வதற்கு அவளுக்கு வேண்டிய நேரத்தையும் கொடுத்தேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரல் சுத்தமாகப் போயிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"சொல்லிடு."